நீலத்திரையும் இயக்கியும்

வீட்டிலோ, சிங்கப்பூரில் 2006 டிசம்பரில் தொடங்கிய பொதுக் கம்பியில்லா இணையத்திலோ இணைந்த சிறிது நேரத்தில் சிறு மடிக்கணினி நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், கருவியே பழுதுற்றதென முடிவுகட்டுவோர் பலர். அவசரப்பட்டு வட்டை அழித்துப் பல்லாண்டுப் பாடக்குறிப்புகளை இழப்போரும் உளர்.

கம்பியில்லாச் சில்லுக்கும் விண்டோசுக்கும் இடையே துபாஷியாக நிற்கும் சிறு நிரலே இயக்கி எனப்படுவது. கடிதம் எழுதும் நிரல் தவறினால் அதுமட்டுமே மூடும். இயக்கியோ அமைப்பின் உட்கருவிலேயே இயங்குவது. தொடக்கூடாத நினைவிடத்தை அது தொட்டால், தரவு மேலும் சிதையாதிருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது.

எனவே தேக்காவுக்கு அருகிலுள்ள சிம் லிம் சதுக்கத்திற்குக் கணினியைச் சுமக்குமுன் நீலத்திரையை வாசித்தல் வேண்டும். 'எஸ்ஒய்எஸ்' என முடியும் கோப்புப் பெயர் சிலவேளை அங்கிருக்கும். குற்றவாளி பெரும்பாலும் அதுவே. பெயர் இல்லையேல், கம்பியில்லாச் சாதனத்தை முடக்கி, கம்பிவழி இணையத்தில் ஒருநாள் வேலை செய்து பார்க்கலாம். நீலத்திரை வராவிடில் ஐயம் இயக்கியின்மேலோ சில்லின்மேலோ உறுதிப்படும். அப்போதும் வந்தால் நினைவகத்தையும் வட்டையும் சோதிக்க வேண்டும்.

இயக்கியைப் புதுப்பித்த பின்னர்த் தொல்லை தொடங்கியிருப்பின் பழையதற்கே திரும்புதல் நலம். ஏசூஸ் 2007இல் தொடங்கிய ஈ பிசி வரிசையிலேயே மாதிரிக்கு மாதிரி வெவ்வேறு நிறுவனச் சில்லுகள் உண்டு. கணினியின் பெயரைமட்டும் பார்த்து இயக்கி இறக்குவது ஆகாது. எக்ஸ்பி பூண்ட பழங்கணினிக்கோ மைக்ரோசாப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்தது. அதன் இயக்கியைச் சீர்செய்தாலும் இணையத்தில் விடலாகாது.