சாவி கையில் இருக்கிறது, பணம் எங்கே?

பூட்டு உடையவில்லை. சாவியும் தொலையவில்லை. ஆனால் பெட்டியில் இருந்த பணத்தைக் காணோம்!

இப்படியும் ஒரு திருட்டு நடக்குமா? நடந்திருக்கிறது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நடந்தது. பறிபோன தொகை சுமார் 12 கோடி டாலர்!

பணத்தை இழந்தவர்கள் தங்கள் ரகசியச் சொற்களை யாரிடமும் சொல்லவில்லை. செல்போனையும் தொலைக்கவில்லை. பின் எப்படிப் போயிற்று பணம்?

"எடுத்துக்கொள்" என்று அவர்களே அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆனால் கொடுத்தது அவர்களுக்கே தெரியாது!

கைக்கு எட்டாத பணம்

அது "கிரிப்டோ" பணம். கையால் தொட முடியாதது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது பல நாடுகளில் உள்ள கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி எழுதி வைக்கப்படுகிறது. இந்தப் பொதுக் கணக்குப் புத்தகத்துக்கு "பிளாக்செயின்" என்று பெயர்.

இந்தப் பணத்தைச் செலவு செய்ய ஒரு ரகசியச் சாவி உண்டு. சாவியைக் காத்து வைப்பதுதான் "வாலட்", அதாவது பணப்பை. செல்போன் பழுதானால் பையை மீட்பதற்கு 12 அல்லது 24 சொற்கள் தருவார்கள். அவற்றைப் பிறரிடம் சொல்லக் கூடாது என்பது பலருக்கும் தெரியும்.

ஆனால் அது மட்டும் போதாது!

தூங்காத குமாஸ்தா

2015-ம் ஆண்டில் "எத்தீரியம்" என்ற கணக்குப் புத்தகம் தொடங்கியது. அதில் "ஸ்மார்ட் காண்ட்ராக்ட்" என்று ஒன்று உண்டு. தானே வேலை செய்யும் ஒப்பந்தம் என்று அதைச் சொல்லலாம்.

ஒரு வகை நாணயத்தைக் கொடுத்து வேறு வகை வாங்க வேண்டுமா? கடன் கொடுக்க வேண்டுமா? எழுதி வைத்த கட்டளைப்படி இந்த ஒப்பந்தம் செய்து முடிக்கும். தூக்கமே இல்லாத குமாஸ்தா!

ஆனால் உங்கள் பையில் உள்ள நாணயத்தைத் தொட அதற்கு உங்கள் அனுமதி வேண்டும். திரையில் ஒரு கேள்வி வரும். "சரி" என்று பொத்தானை அழுத்தினால் அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

பவர் பத்திரம் போல

நிலத்தை விற்க ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் அதை ரத்து செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வம்புதான்! இந்த அனுமதியும் அப்படித்தான். நீங்கள் மறந்தாலும் கணக்குப் புத்தகம் மறக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் 100 நாணயம் மாற்ற வருகிறீர்கள். ஆனால் "எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று அனுமதி கேட்பார்கள். அடிக்கடி அனுமதி கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கட்டணம் ஆகுமே, அது மிச்சம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த அனுமதியில் எழுதப்படும் எண் எவ்வளவு பெரியது தெரியுமா? 78 இலக்கம்!

இன்று உங்கள் பையில் 100 இருக்கலாம். அடுத்த ஆண்டு அதே நாணயம் 10,000 சேரலாம். பழைய அனுமதி அதற்கும் செல்லும்.

திருடன் செய்த தந்திரம்

"பேட்ஜர்" என்ற அமைப்பின் இணையதளத்தில்தான் அந்த 12 கோடி டாலர் திருட்டு நடந்தது. ஒப்பந்தத்தில் குற்றம் இல்லை. ஆனால் 2021 நவம்பரிலேயே திருடர்கள் இணையதளத்துக்குள் தங்கள் கட்டளையை நுழைத்துவிட்டார்கள்.

வழக்கம் போல வந்தவர்களுக்கு ஓர் அனுமதிக் கேள்வி வந்தது. பழகிய இடம்தானே என்று பலர் அழுத்தினார்கள். அந்த அனுமதி திருடனுக்குப் போயிற்று!

திருடன் அவசரப்படவில்லை. அனுமதிகள் சேரும் வரை காத்திருந்தான். டிசம்பர் 2-ந் தேதி ஒரே மூச்சில் வாரினான். ஒருவர் மட்டும் சுமார் 900 பிட்காயின் மதிப்புள்ளதை இழந்தார்.

2024 ஜூலையில் "லி-ஃபை" என்ற சேவையில் வேறு விதமாக நடந்தது. அங்கே ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்த்த பகுதியில் ஓர் ஓட்டை. ஒரு கோடி டாலருக்கு மேல் போயிற்று. வரம்பில்லாத அனுமதி கொடுத்திருந்தவர்களே பாதிக்கப்பட்டார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? நல்லவரிடம் கொடுத்த அனுமதியும் நாளை ஆபத்தாகலாம்!

ஒரு சந்தேகம்

"வேலை முடிந்ததும் இணையதளத் தொடர்பைத் துண்டித்துவிட்டேன். அது போதாதா?" என்று சிலர் கேட்பார்கள்.

போதாது! தொடர்பைத் துண்டிப்பது வாசல் கதவைச் சாத்துவது போல. எழுதிக் கொடுத்த பத்திரம் வெளியேதான் இருக்கிறது. சாவியைத் தனிக் கருவியில் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே கதி.

காப்பது எப்படி?

1. தேவையான தொகைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 100 மாற்ற வேண்டுமானால் 100 என்றே எழுதுங்கள். பல பைகளில் தொகையைத் திருத்த இடம் உண்டு.

2. மாதம் ஒரு முறை பழைய அனுமதிகளைப் பாருங்கள். "ஈதர்ஸ்கேன்", "ரிவோக் கேஷ்" போன்ற தளங்களில் பட்டியல் தெரியும். வேண்டாததை ரத்து செய்யுங்கள். இதற்குச் சிறு கட்டணம் உண்டு.

3. ரத்து செய்யும் இடம் போலவே போலித் தளங்களும் உண்டு. முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். உங்கள் ரகசியச் சொற்களைக் கேட்டால் அது திருடன்தான்!

4. "கட்டணம் இல்லை, கையெழுத்து மட்டும்" என்றாலும் ஏமாறாதீர்கள். அந்தக் கையெழுத்தும் அனுமதி ஆகலாம். புரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. சேமிப்புக்கு ஒரு பை, அன்றாட வேலைக்கு ஒரு பை என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புப் பையைப் புதிய தளங்களில் காட்டாதீர்கள்.

6. ரகசியச் சொற்களே வெளியே போய்விட்டதா? அப்போது அனுமதியை ரத்து செய்து பயனில்லை. மிச்சப் பணத்தை உடனே புதிய பைக்கு மாற்றுங்கள்.

ரத்து செய்வதால் போன பணம் திரும்பாது. இருக்கும் பணம் தப்பும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பை வைத்திருக்கிறார்களா? "சாவி பத்திரமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறாய்?" என்றும் கேளுங்கள். பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.