துடுப்பு வலித்த கதை

"52 வயதில் இதெல்லாம் தேவையா?" என்று சங்கத்துச் சகோதரிகள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: தேவையில்லைதான். ஆனாலும் சென்ற டிசம்பர் விடுமுறையில் பெங்களூரிலிருந்து பெண்ணுடன் கிளம்பி, மங்களூருக்கு வடக்கே முல்கியில், சாம்பவி ஆற்றில், பலகை மேல் நின்றபடி துடுப்புப் போடக் கற்றுக்கொண்டு வந்தேன்.

ஹவாய்த் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய விளையாட்டு இது. 'ஸ்டாண்ட்-அப் பேடில்' என்கிறார்கள். அகலமான மிதவைப் பலகை, ஆளைவிட ஒரு சாண் உயரமான துடுப்பு, லைஃப் ஜாக்கெட், காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு. அவ்வளவுதான்.

முதல் நாள் முட்டி போட்டு ஆரம்பித்து, நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றேன். பலகை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆகா, வந்துவிட்டதே என்று பூரித்தேன். திரும்பும்போதுதான் விஷயம் புரிந்தது. கடல் உள்வாங்கும் நேரம். ஆறு முகத்துவாரத்தை நோக்கி வடிந்துகொண்டிருந்தது. எவ்வளவு வலித்தாலும் கரையிலிருந்த அதே தென்னை மரம் பக்கத்திலேயே நின்றது. துடுப்பு 'வலிப்பது' என்று நம் முன்னோர் சரியாகத்தான் சொன்னார்கள். தோள் இரண்டும் அப்படி வலித்தன. கடைசியில் பயிற்சியாளர் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். பெண் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் முகத்தில் பயம் இருந்தது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அந்த உள்ளூர்ப் பையன் என்னைக் கரையிலேயே நிறுத்திப் பாடம் நடத்தினான். துடுப்பின் தட்டையான பகுதி தண்டிலிருந்து சற்று வளைந்திருக்கும். அது முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நான் திருப்பிப் பிடித்திருந்தேன். ஒரு கை துடுப்பின் உச்சியில், மறு கை தண்டில். முழங்கால் லேசாக மடங்கட்டும். பார்வை காலில் வேண்டாம், தூரத்தில் இருக்கட்டும். முன்னால் எட்டி, தட்டைப் பகுதி முழுதும் மூழ்கிய பிறகே இழுக்க வேண்டும். துடுப்பு பாதத்தருகே வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டி இழுத்தால் பலகை திரும்புமே தவிர முன்னேறாது. தண்டு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு நேராகப் போகலாம்.

"கையால் இல்லை ஆன்ட்டி, சொண்ட, சொண்ட!" என்று கத்திக்கொண்டே இருந்தான். சொண்ட என்றால் இடுப்பு என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா!

அப்போதுதான் நாகப்பட்டினத்துக் கடற்கரை நினைவுக்கு வந்தது. கட்டுமரத்தில் முட்டி போட்டுப் போகிறவர்களுக்குக் கை மட்டும் ஆடாது. முதுகும் இடுப்பும் சேர்ந்தே சாயும். 10 வயதில் தினமும் பார்த்ததை 52 வயதில் ஒரு கன்னடத்துப் பையன் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நான்காம் நாள். அதே ஆறு, அதே வடியும் நீர். எட்டி, அமிழ்த்தி, இடுப்பைத் திருப்பி இழுத்தேன். தென்னை மரம் மெல்லப் பின்னால் போயிற்று. "அம்மா, கொஞ்சம் நில்லும்மா!" என்று பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே நீரோட்டத்தை எதிர்த்துப் போய்விடுங்கள். திரும்பும்போது ஆறே கொண்டுவந்து சேர்க்கும்.