கழிப்பறைத் தொட்டி ஏன் இரைகிறது?

பகலில் காதில் விழாத பல ஓசைகள் இரவில் தெளிவாகக் கேட்கும். கழிப்பறையிலுள்ள பிளஷ் தொட்டியின் இரைச்சல் அவற்றுள் ஒன்று. சில வீடுகளில் தொட்டி நிரம்பி முடிந்ததும் சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தது போல 'டம்' என்று கேட்கும். சில வீடுகளில் குழாய் முழுவதும் 'டர்ர்' என்று அதிரும். இன்னும் சில வீடுகளில் தொட்டி 'உஸ்' என்று ஓயாமல் சீறிக்கொண்டிருக்கும். இம்மூன்று ஓசைகளும் மூன்று வகைக் கோளாறுகளின் அறிகுறிகள். மருத்துவர் மார்பின் ஓசையைக் கேட்டு நோயை அறிவது போல, நீங்களும் தொட்டியின் ஓசையைக் கேட்டே அதன் கோளாறைக் கண்டறியலாம்.

தொட்டியின் அமைப்பு

முதலில் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீர் உள்ளே வரும் வழியில் ஒரு வால்வும், அதனுடன் இணைந்த மிதவையும் உள்ளன. நீர்மட்டம் உயர உயர மிதவையும் உயரும். முடிவில் அது வால்வின் ரப்பர் வாஷரை அழுத்தி நீர்வழியை அடைத்துவிடும். தொட்டியின் அடியிலுள்ள வெளியேறும் வழியை மற்றொரு ரப்பர் அடைப்பு மூடியிருக்கும். நாம் பிளஷ் செய்யும்போது இது மேலெழும்பி நீரை விடுகிறது. இவை தவிர, பெரும்பாலான தொட்டிகளில் செங்குத்தான வழிவுக் குழாய் ஒன்றும் உண்டு. நீர் அளவுக்கு மேல் ஏறினால் இதன் வழியாகப் பீங்கானுக்குள் இறங்கிவிடும்.

'டம்' என்னும் அடி

மாடித் தொட்டியிலிருந்து வரும் 15 மீட்டர் நீளக் குழாய் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் உள்விட்டம் 15 மில்லிமீட்டர் எனில், அதற்குள் இருக்கும் நீரின் எடை 2½ கிலோவுக்கு மேல். இந்த நீர்த்தண்டு முழுவதும் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடிவரும்போது வால்வு சட்டென்று மூடிக்கொண்டால் என்ன ஆகும்? ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னே சாய்வது போல, நீரும் வால்வின்மீது மோதும். அங்கே எழும் அழுத்த அலை குழாயில் முன்னும் பின்னும் பாய்ந்து, சரியாகப் பொருத்தப்படாத குழாயைச் சுவரில் இடிக்கச் செய்கிறது. இதற்கு 'நீர்ச் சம்மட்டி' என்று பெயர்.

ரஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி 1897-98 ஆண்டுகளில் மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் இதை ஆராய்ந்து, அதற்கான கணக்கை வகுத்தார். அதன்படி, இரும்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேக நீர் சட்டென நின்றால், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு அழுத்தம் எழுகிறது. 10 மீட்டர் உயரத்திலுள்ள மாடித் தொட்டி தருவதோ 1 மடங்குதான்! பிளாஸ்டிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் அடியின் வலிமை குறைவு.

இதற்குப் பரிகாரம் என்ன? தொட்டிக்கு அருகிலுள்ள ஆங்கிள் வால்வைச் சிறிது மூடி நீரின் வேகத்தைக் குறையுங்கள். ஆடும் குழாயைச் சுவரோடு கிளிப் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், மேல்முனை அடைத்த ஒரு சிறு குழாய்த்துண்டைப் பிளம்பர் செங்குத்தாகப் பொருத்துவார். அதில் அடைபட்ட காற்று மெத்தை போல் அமுங்கி அடியைத் தாங்கிக்கொள்ளும்.

இந்த அடியையே வேலை வாங்கியவர்களும் உண்டு. பலூன் பறக்கவிட்ட பிரெஞ்சுச் சகோதரர்களுள் ஒருவரான ஜோசப் மாங்கோல்பியர், 1796-இல் மோட்டாரோ எரிபொருளோ இன்றி நீர்ச் சம்மட்டியாலேயே நீரை மேலேற்றும் பம்பு ஒன்றை அமைத்தார்!

'டர்ர்' என்னும் அதிர்வு

வால்வின் வாஷர் தேய்ந்தோ தளர்ந்தோ போனால், அது முழுமையாக மூடாமல் படபடக்கும். நீரின் அலைகளில் மிதவை ஏறி இறங்குவதாலும் இது நேரலாம். ஒரு நொடியில் பலமுறை வால்வு திறந்து மூட, ஒவ்வொரு முறையும் ஒரு குட்டிச் சம்மட்டி அடி விழுகிறது. நீர் நிரம்பும்போது மிதவையைக் கையால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஓசை மாறினாலோ நின்றாலோ கோளாறு மிதவை வால்வில்தான். வாஷரையோ முழு வால்வையோ மாற்ற வேண்டும்.

'உஸ்' என்னும் சீற்றம்

தொட்டி நிரம்பும்போது சீறுவது இயல்பு. நிரம்பிய பின்னும் சீறினால், எங்கோ நீர் கசிகிறது என்று பொருள். குறுகிய இடுக்கில் நீர் விரைந்து பாயும்போது உண்டாகும் சுழிப்புகளே இந்த ஓசையை எழுப்புகின்றன. மூன்று ஓசைகளிலும் மெல்லியது இதுவே. இழப்பு மிகுந்ததும் இதுவே.

கசிவு எங்கே என்று காண எளிய சோதனை ஒன்று உண்டு. பெரியவர் ஒருவரின் உதவியோடு தொட்டியின் மூடியை எடுங்கள். பீங்கான் மூடி கனமானது, கவனம் தேவை. தொட்டி நிரம்பியதும் ஆங்கிள் வால்வை முழுவதும் மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யக் கூடாது. பிறகு பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் அடைப்பில் கோளாறு. இறங்காமல் வழிவுக் குழாயின் வாய் வரை நீர் நின்றால், உள்வரும் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது மிதவை உயரத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அடைப்பில் மண்ணோ, கிணற்று நீரின் வெள்ளை உப்புப் படிவோ ஒட்டியிருந்தால் துடைத்தாலே போதும். படிவு கெட்டியாக இருந்தால் எலுமிச்சைச் சாறு அதைக் கரைக்கும். ரப்பர் விறைத்துப் போயிருந்தால் புதியது மாற்றுங்கள். மிதவையைத் தாழ்த்த அதன் திருகைச் சற்றே திருப்பினால் போதும். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

ஒரு சிறு கணக்கு

உங்கள் தொட்டியின் உட்புறம் 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்று கொள்வோம். அரை மணியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால், வீணான நீர் 40 × 15 × 1 = 600 கன செ.மீ. ஒரு நாளில் 48 அரை மணிகள். ஆக, நாளொன்றுக்கு 28.8 லிட்டர்; அதாவது, ஏறத்தாழ இரண்டு குடம். ஓராண்டில் 10,000 லிட்டருக்கும் மேல்! 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்காகக் காத்து நின்றதை எண்ணினால் இந்த இரண்டு குடத்தின் அருமை புரியும்.

இன்றே ஒரு பென்சிலும் அளவுகோலும் எடுத்து உங்கள் வீட்டுத் தொட்டியைச் சோதியுங்கள். பள்ளித் தொட்டிகளையும் ஆசிரியரின் அனுமதியுடன் சோதித்து, வீணாகும் நீரைக் கணக்கிட்டு வகுப்பில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும் எவரும், ஒரு வாஷரின் விலையைப் பெரிதாக எண்ண மாட்டார்கள்.