ஏடும் கருவியும் இணையட்டும்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். பகலெல்லாம் பட்டறையிலே பாடுபட்டு, இரவிலே இணையத்தின் வழி படிக்கிறானே தொழிலாளத் தோழன், எந்த நாட்டவனாயினும் அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சுரைக்காய்தான்! பாடம் வீடு தேடி வருகிறது, ஆய்வுக்கூடமோ வருவதில்லை. அவன் வேலை முடித்துத் திரும்பும் நேரத்திலே கூடத்துக்குப் பூட்டு!

அந்தப் பூட்டைத் திறக்க முடியாதா? முடியும் என்று காட்டியது சுவீடன் நாடு. பிளெக்கிங்கே தொழில்நுட்பக் கல்விக்கூடத்தார் 1999இல் தொடங்கிய முயற்சி, பின்னர் 'விசிர்' என்னும் தொலை ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. மாணவன் வீட்டுத் திரையிலே கம்பிகளை இணைக்கிறான். எங்கோ இருக்கும் கூடத்திலே ரிலேக்கள் இயங்குகின்றன. உண்மையான மின்தடையிலே உண்மையான மின்னோட்டம் பாய்கிறது. அளந்த எண் திரைக்கு வந்து சேருகிறது. ஒருவரது அளவீடு நொடிக்குள் முடிவதால், பலர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்கின்றனர். நள்ளிரவிலும் வேலை நடக்கிறது!

ஆனால், கூடம் திறந்துவிட்டால் குறை தீர்ந்ததா? பாடம் ஓரிடம், சோதனை வேறிடம், நுழைவதற்கு இரண்டு கடவுச்சொல், செய்த சோதனைக்கு மதிப்பெண் எவ்விடமும் இல்லை என்றால் பயன் என்ன? மஸ்டர் ரோலில் பெயர் ஏறாதவன் எவ்வளவு உழைத்தாலும் கூலி உண்டோ? தோழர்கள் அறியாததா இது!

ஆகவேதான் இணைப்பு வேண்டும் என்கிறோம். 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த 'மூடுல்' போன்ற கற்றல் மேலாண்மை மென்பொருள்தான் இணையப் பள்ளியின் பதிவேடு. அதையும் ஆய்வுக்கூடத்தையும் ஒன்றோடொன்று பேசவைக்க 'எல்.டி.ஐ.' என்னும் பொதுநெறி இருக்கிறது. பாடப் பக்கத்திலேயே கூடத்தின் கதவு, ஒரே நுழைவு, மதிப்பெண் நேரே ஆசிரியரின் ஏட்டுக்கு! ஸ்பெயினின் பில்பாவோ நகரிலே டியூஸ்டோ பல்கலைக்கழகத்தார் இந்தப் பாலத்தைக் கட்டியே காட்டினர்.

"அரம் பிடிக்கும் கை திரையைத் தொட்டா பழகும்?" என்பார் சிலர். நியாயம்தான்! ராவுவதும் பற்றவைப்பதும் பட்டறையிலேதான் பழகவேண்டும். மின்சுற்றை அளக்க அந்தத் தடை இல்லையே! அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொடங்கிய 'ஐலேப்' திட்டத்தில் சேர்ந்த நைஜீரியாவின் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகமும் உகாண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகமும் இரவல் கருவியோடு நின்றுவிடவில்லை. தாமே தொலை ஆய்வுக்கூடங்களை அமைத்தன. வசதி குறைந்த நாட்டால் ஆகாது என்ற பேச்சு அங்கே பொய்த்தது!

பணம் கட்டுமுன் தொழிலாளி கேட்கட்டும்: "பாடம் சரி, சோதனை எங்கே? செய்தால் கணக்கில் ஏறுமா?" இதற்குப் பதில் சொல்லாத கல்விக்கூடம், பாதிக் கல்விக்கு முழுவிலை கேட்கிறது என்போம் நாம்!