ஒன்று, இரண்டு, நான்கு

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பின் பின்னால் நின்று பார்த்தால் இரண்டு விளக்குகளும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும். உள்ளே அப்படியில்லை. இடப்பக்க விளக்கின் மேல்பாதியில் வழக்கமான சிவப்புப் பின்விளக்கும் பிரேக் விளக்கும் இருக்கும். வலப்பக்கத்து மேல்பாதியிலோ இருட்டடிப்பு நேரத்துக்கான மங்கலான பிரேக் விளக்கு மட்டும்தான். பழைய ஜீப்பைப் புதுப்பிப்பவர் இது தெரியாமல் இரு பக்கமும் ஒரே விளக்கைப் பூட்டினால், வண்டி அழகாக இருக்கும். ஆனால் அது போர்க்கால வண்டி அல்ல.

கீழ்ப்பாதிதான் என்னை அசரவைப்பது. அங்கே இரு பக்கமும் இருட்டடிப்புப் பின்விளக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடிச் சிறு திறப்புகள். எதிரி விமானத்துக்குப் பயந்து ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, வரிசையாக நகரும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? இந்தத் திறப்புகள் சொல்லும். 180 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 55 மீட்டருக்கு அப்பால் நான்கும் கலந்து ஒரே புள்ளியாகத் தெரியும். நெருங்கினால் அது இரண்டாகப் பிரியும். 60 அடிக்குள் வந்துவிட்டால் நான்கும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு தெரிகிறதா, சரியான இடைவெளி. ஒன்றானால் பின்தங்கிவிட்டாய், நான்கானால் முட்டப் போகிறாய்.

இதில் பேட்டரியும் கம்பியும் செய்யும் வேலை சொற்பம். தூரத்தை அளப்பது ஓட்டுநரின் கண். நல்ல வெளிச்சத்தில் நம் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் விலகியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். 55 மீட்டர் தூரத்தில் அந்தக் கோணத்துக்கு ஈடான இடைவெளி 16 மில்லிமீட்டர். 60 அடியில், அதாவது 18 மீட்டரில், சுமார் 5 மில்லிமீட்டர். இருட்டில் கண்ணின் கூர்மை குறைவதால் உண்மையான இடைவெளிகள் இதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு ஜோடிக்குள் சிறிய இடைவெளி, ஜோடிகளுக்கு இடையே பெரிய இடைவெளி. இரண்டே அளவுகளில் தூரமானி தயார்.

பிரிட்டிஷ் படை வேறு வழியில் போனது. வண்டியின் அடியில் ஒரு குட்டி விளக்கு. அதன் ஒளி பின் அச்சின் நடுவே, வெள்ளையடித்த டிஃபரன்ஷியல் மீது விழும். பின்னால் வருபவருக்கு அந்த வெள்ளை வட்டம் தெரியும். மேலே பறப்பவருக்கு வண்டியின் உடலே மறைத்துவிடும். இவ்வளவு எளிய தீர்வை வேறெங்கும் நான் கண்டதில்லை. பிரிட்டிஷ் வண்டியைச் சுரண்டும்போது டிஃபரன்ஷியலில் பழைய வெள்ளைப் பெயிண்ட் தட்டுப்பட்டால், அதையும் சேர்த்துச் சுரண்டி எறிந்துவிடக் கூடாது. தொலைந்துபோன விளக்குக்கு மிச்சமிருக்கும் சாட்சி அதுவாக இருக்கலாம்.

அசல் விளக்கைக் கண்டறியும் வேலை உண்மையில் தகரத்தை வாசிப்பதுதான். ஜீப்பின் இடப்பக்க மட்கார்டில், இருட்டடிப்பில் ஓட்டுவதற்கான முன்விளக்குக்குத் துளை உண்டா? தொடக்ககால ஜீப்களில் அந்த விளக்கு கிடையாது, பிறகுதான் வந்தது. துளை தொழிற்சாலையில் போட்டதா, பின்னாளில் யாரோ டிரில் செய்ததா என்று விளிம்பைப் பார்க்க வேண்டும். வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களும் ஒரே வடிவ ஜீப்பைச் செய்தன. ஃபோர்டு போல்ட்டுகளில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. ஹெட்லைட்டின் கீல் அசலானால், நட்டைத் தளர்த்தி விளக்கைப் பின்னால் திருப்பலாம். இரவில் எஞ்சினைப் பழுதுபார்க்க வெளிச்சம் கிடைக்கும். 1944இல் அமெரிக்கப் படை வெளியிட்ட டி.எம். 9-803 கையேடு துணைக்கு உண்டு. ஆனால் போருக்குப் பிறகு பல பட்டறைகளைக் கண்ட வண்டியில், கையேட்டை நம்புவதற்கு முன் வண்டியைக் கேட்பதே முறை. போர்க்கால ஜீப்பின் மின்சாரம் 6 வோல்ட். 12 வோல்ட் பல்பு மாட்டியிருந்தால், பின்னாளில் யாரோ வயரிங்கில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

எல்லாம் பூட்டியபின் ஒரு சோதனை பாக்கி. பின்விளக்குக்குப் புதிதாக வார்த்த நகல் கண்ணாடியில் திறப்புகளின் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர் பிசகியிருந்தால் பகலில் கண்ணுக்குப் படாது. எனவே விளக்கில்லாத சாலையில் 60 அடியிலும் 180 அடியிலும் கோடு போட்டு, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் காத்திருந்து, பின்னால் நடந்தபடி ஒளிப்புள்ளிகளை எண்ண வேண்டும்.