தேயத் தேயக் கூர்மை

புறநானூற்றின் 95ஆம் பாட்டு மேல்வகுப்பு மாணவர் பலரும் அறிந்தது. தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலங்களைக் கண்டு பாடியது அது. இங்குள்ள ஆயுதங்கள் அலங்காரம் குன்றாமல் பளபளக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்பது பாட்டின் கருத்து. புகழ்வதுபோல் இகழ்ந்தும் இகழ்வதுபோல் புகழ்ந்தும் நின்ற அந்தச் சொல்நயத்தை ஆசிரியர்கள் வகுப்பிலே எடுத்து விளக்குவர். அந்த நயத்துக்கு அடியில் ஒரு தொழில் உண்மையும் இருக்கின்றது. வேலை செய்யும் இரும்பு மழுங்கும். மழுங்கிய இரும்பு பட்டறைக்குத் திரும்பும். திரும்பிய இரும்பு மறுபடியும் கூர் பெறும். அலங்கரித்து வைத்த இரும்புக்கு இந்தப் பயணம் கிடையாது.

இந்தப் பயணம் இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் நின்றுபோயிற்று. அடுக்களையில் கத்தி இருக்கின்றது; தீட்டுக்கல் இல்லை. துவிச்சக்கர வண்டியிலே சாணைச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு வீதி வீதியாகக் கூவி வந்தவரின் குரலும் அருகிவிட்டது. கத்தி மழுங்கினால் அழுத்தி வெட்டுகிறோம். மேலும் மழுங்கினால் இன்னும் அழுத்துகிறோம். பின்னர் ஒருநாள் கடைக்குச் சென்று புதிய கத்தி வாங்குகிறோம். பழையது இலாச்சியின் அடியில் துருப்பிடிக்கின்றது. ஒரு பொருளைப் பேணத் தெரியாதவன் அதனைத் திரும்பத் திரும்ப விலைகொடுத்து வாங்க வேண்டியவனாகிறான். கத்தி சிறிய பொருள்தான். ஆயினும் இந்த நிலை சிறியதன்று.

மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று எண்ணுவோர் உளர். உண்மை அதற்கு மாறானது. கூரிய கத்தி தன் பாரத்தாலேயே தக்காளியின் தோலுக்குள் இறங்கும். மழுங்கியதோ தோலின்மேல் வழுக்கும். நாம் மேலும் பலத்தைக் கொடுப்போம். அந்தப் பலமெல்லாம் மறுகையின் விரலிலே சென்று முடியும்.

கூர்மை என்பது யாது?

இரண்டு சரிவான தளங்கள் ஒரு கோட்டிலே சந்திக்கின்றன. அந்தக் கோட்டுக்கு அகலம் இல்லையாயின் அது முற்றிய கூர்மை. கேத்திரகணிதத்தில் மட்டுமே அத்தகைய கோடு உண்டு. இரும்பிலே அதனை அணுகலாமேயன்றி அடைய முடியாது. நன்கு தீட்டிய விளிம்பின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவானது. தலைமயிரின் தடிப்போ அதைப்போல ஐம்பது மடங்குக்கு மேற்பட்டது. பாவனையால் இந்தக் கோடு உருண்டு போகின்றது; அன்றேல் ஒரு பக்கமாக மடிந்து விடுகின்றது. மழுங்குதல் என்று நாம் சொல்வது இதனையே.

ஆகவே தீட்டுதல் என்பது புதிதாக எதையும் சேர்க்கும் வேலையன்று. இரு பக்கமும் தேய்த்து, தளங்கள் மீண்டும் ஒன்றையொன்று தொடும்வரை இரும்பைக் கழித்துக் கொண்டே போகும் வேலை அது.

இதற்கு வேண்டிய கருவிகள் சிலவே. இரும்புக் கடைகளில் விற்கும் இருபக்கக் கல் ஒன்று போதும். ஒரு பக்கம் கரடானது, மறுபக்கம் மென்மையானது. இவற்றுட் பல, 1893ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வேட் அச்சிசன் காப்புரிமை பெற்ற காபரண்டம் என்னும் செயற்கைத் துகளால் ஆனவை. துகளின் நுண்மையை எண்ணாற் குறிப்பர். எண் கூடக் கூடத் துகள் நுண்ணியதாகும். விளிம்பு உடைந்த கத்திக்கு 220 முதல் 400 வரையான கல்லும், வழக்கமான தீட்டலுக்கு 1000 எண் கல்லும், மெருகுக்கு 3000க்கு மேற்பட்டதும் ஏற்றவை. எண்கள் தெரியாத காலத்தில் நம் முன்னோர் கிணற்றடிக் கல்லிலும் வாசற்படியிலும் தீட்டினர்; அவையும் வெட்டத்தான் செய்தன.

கல்லை நீரில் நனைத்துக் கொள்ளல் வேண்டும். நீர் சூட்டைத் தணிக்கும். தேய்ந்த துகளைக் கழுவிச் செல்லும். அடுத்தது கோணம். அடுக்களைக் கத்திக்குப் பக்கமொன்றுக்கு 15 முதல் 20 பாகை வரை பொருந்தும். இதனை அளப்பதற்குக் கோணமானி வேண்டியதில்லை. கத்தியின் அகலம் நான்கு சென்ரிமீற்றராயின், அதன் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடித்தால் கோணம் ஏறக்குறைய 15 பாகையாகும். சைன் அட்டவணையை மனனம் செய்யும் மாணவருக்கு அது எங்கே பயன்படும் என்று காட்ட விரும்பும் ஆசிரியர், இந்த உதாரணத்தை எடுத்துக் கொள்ளலாம்.

கோணம் சரிதானா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. விளிம்பின் சரிவிலே மையைப் பூசிவிட்டு இரண்டு முறை கல்லில் இழுத்துப் பாருங்கள். விளிம்பின் ஓரத்தில் மை எஞ்சியிருந்தால் முதுகு தாழ்ந்திருக்கின்றது. ஓரத்து மை மட்டும் அழிந்து மேற்பகுதி மை இருந்தால் முதுகு உயர்ந்திருக்கின்றது. முழுவதும் அழிந்தால் கை சரியான இடத்தில் இருக்கின்றது.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக் கொண்டே போகையில், மறுபக்கத்தின் ஓரத்திலே மிக மெல்லிய பிசிர் ஒன்று தோன்றும். கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. பெருவிரலை விளிம்புக்கு வெளிப்புறமாக, ஒருபோதும் விளிம்பின் வழியே அன்று, மெல்ல ஓட்டினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். பயில்வோர் பெரும்பாலும் இந்தப் பிசிர் தோன்றுமுன்னே பொறுமையிழந்து கத்தியைத் திருப்பி விடுவர். பின்னர், எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லையே என்று கல்லைக் குறை கூறுவர். பிடியிலிருந்து முனைவரை பிசிர் எழுந்தால்தான் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது என்று பொருள். மறுபக்கத்தையும் அவ்வாறே செய்து, பிறகு பக்கத்துக்கு ஒரு முறையாக, வரவர அழுத்தத்தைக் குறைத்துத் தீட்டினால் பிசிர் சுருங்கும்.

எஞ்சிய பிசிரைப் போக்குவது வார். சிகை அலங்கரிப்பவர் சவரக் கத்தியைத் தோல்வாரிலே முன்னும் பின்னும் இழுப்பதைச் சிறுவயதில் வியப்போடு பார்த்திருப்போம். மரத்துண்டு ஒன்றில் தோலை ஒட்டி, பச்சை நிறமான குரோமியம் ஒட்சைட்டுப் பசையைத் தடவினால் வீட்டுக்குரிய வார் ஆயத்தம். இங்கே விளிம்பு பின்தங்கிவர, முதுகு முன்செல்ல இழுத்தல் வேண்டும். மாறி இழுத்தால் தோல் அறுபடும். அழுத்தினாலும், இழுப்பின் முடிவிலே கத்தியைத் தூக்கினாலும் வந்த கூர் போய்விடும். பனையேறும் தொழிலாளர் மரப்பலகையிலே வெண்கற்பொடியைத் தூவிப் பாளைக்கத்தியைத் தீட்டுவதும் இதே முறையைச் சார்ந்ததுதான். பாளையை மயிரிழையளவாகச் சீவினால்தான் பதநீர் தொடர்ந்து சுரக்கும். நசுக்கிவிட்டால் அன்றைய உழைப்பு வீண்.

நீலம் பாய்ந்த விளிம்பு

இவ்வளவும் நான் கற்றது ஒரு தவறினாலேதான். என் ஐயா பயன்படுத்திய கத்தி ஒன்று வீட்டிலிருந்தது. பழைய காபன் உருக்கினால் ஆனது. தேங்காய்ப்பாதி உடைப்பதிலிருந்து வெற்றிலைக் காம்பு கிள்ளுவதுவரை எல்லாம் அதனாலேயே நடந்தன. அவர் காலமான பின்னர் அது மழுங்கிக் கிடந்தது. நான் அதனை எடுத்துச் சென்று, மோட்டாரில் சுழலும் சாணைச் சக்கரத்திலே நானே வைத்து அழுத்தினேன். பொறி பறந்தது. ஒரு நிமிடத்துக்குள் விளிம்பு பளபளத்தது. அதன் நடுவிலே அழகான நீலநிறம் ஒன்றும் படர்ந்தது. அந்த நீலத்தை அழகு என்றே எண்ணினேன். அடுத்தநாள் மாலைக்குள் அந்த இடம் மரக்கட்டைபோல மழுங்கிற்று. மீண்டும் தீட்டினேன், மீண்டும் மழுங்கிற்று.

பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, விளிம்பிலை உயிர் போட்டுது. ஆனால் கத்தி முழுக்கச் சாகேல்லை. நீலம் தெரியிற இடத்துக்கு அங்காலையும் கொஞ்சம் கையாலை தேய். மெசினிலை வைக்காதை" என்றார்.

அவர் உயிர் என்று சொன்னது, விஞ்ஞானம் உருக்கின் பதம் என்று சொல்லும் ஒன்றை. காபன் கலந்த இரும்பைச் செந்நிறமாகக் காய்ச்சினால் காபன் அதனுள்ளே கரைந்து பரவும். அந்நிலையில் சடுதியாகக் குளிர்வித்தால், வெளியேற நேரமின்றிக் காபன் பளிங்கமைப்பினுள்ளே சிறைப்படும். உருக்கு மிகக் கடினமாகும். இதுவே கொல்லர் கூறும் தோய்ச்சல். கடினத்தோடு கண்ணாடிபோல நொறுங்கும் குணமும் வந்துவிடுவதால், மீண்டும் 200 பாகை செல்சியஸ் அளவில் இளஞ்சூடு கொடுத்துச் சிறிது தணிப்பர். அப்போது மெருகிட்ட உருக்கின்மேல் வைக்கோல் நிறம் படரும். சூடு ஏற ஏற அது கபிலமாகி, ஊதாவாகி, 300 பாகை அளவில் நீலமாகும். நீலம் வந்தால் கடினம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பொருள். சக்கரத்தில் நான் கண்ட அழகு அந்தக் கத்தியின் இழப்பே.

மூன்று மாலைப்பொழுதுகள் கல்லின் முன் அமர்ந்து தேய்த்தேன். கை வலித்தது, கறுத்த சேறுபோல இரும்புத்துகள் வடிந்தது. இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் அகலம் குறைந்தபின் நல்ல உருக்கு வெளிப்பட்டது. அந்தக் கத்தி இன்றும் வெட்டுகின்றது.

அரத்திலிருந்து கத்தி

தீட்டப் பழகியவனுக்குக் கத்தியைச் செய்து பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. முற்றாக நல்லுருக்கினாலான பழைய அரம் ஒன்று அதற்குத் தகுந்தது. மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கிய மலிவான அரம் உதவாது. வள்ளுவர் அறிவின் கூர்மைக்கு அரத்தின் கூர்மையை உவமையாக்கி, மக்கட்பண்பு இல்லாதவிடத்து அதனாற் பயனில்லை என்றார். அரத்துக்கு வேண்டியதும் பண்பே: முதலில் அதனை இளக்க வேண்டும். சிரட்டைக்கரி உலையிலே செந்நிறமாகக் காய்ச்சி, சாம்பலுக்குள் ஓர் இரவு புதைத்து வைத்தால் இளகிவிடும். மற்றோர் அரத்தினால் உருவத்தை அராவி எடுக்கலாம். விளிம்பை இப்போது கூராக்கல் ஆகாது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். இல்லையேல் தோய்க்கையில் வெடிக்கும் அல்லது வளையும்.

பிறகு மறுபடியும் உலை. காந்தம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்க. 770 பாகை செல்சியஸ் அளவில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக அமிழ்த்துக. தீச்சுவாலை எழக்கூடுமாதலால் திறந்த வெளியும், கையுறையும், கண்காப்பும், உடன் நிற்க ஒருவரும் வேண்டும். ஆறியபின் அரத்தால் அராவிப் பாருங்கள். பற்கள் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் வாய்த்தது. தாமதியாமல் 200 பாகையில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை சூடாக்கிப் பதம் தணித்து, மரப்பிடியைத் தறையாணியால் பொருத்தி, கல்லின் முன் அமர வேண்டியதுதான். கடையிலே மலிவாகக் கிடைக்கும் ஒன்றுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். ஒருமுறை செய்தவன் பின்னர் எந்தக் கத்தியையும் அலட்சியமாக எறிய மாட்டான்.

இந்தக் கலை நம் தீவுக்குப் புதியதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளிலே, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்ட உலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கின. தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அத்தகைய உலையை மீள அமைத்து இயக்கிக் காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் ஆய்வை வெளியிட்டார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வெளிவந்த தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், மூசையில் உருக்கு ஆக்கும் முறையைப் பதிவு செய்துள்ளார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆக்கப்பட்ட மூசை உருக்கை மேனாட்டார் 'வூட்ஸ்' என்றனர். உருக்கு, உக்கு என்னும் தென்னாட்டுச் சொற்களின் திரிபு அது என்று கருதப்படுகின்றது. கொல்லரின் மைந்தனாகப் பிறந்த மைக்கேல் பரடே, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து அந்த உருக்கை ஆராய்ந்தார். உருக்குக் கலவைகள் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை 1820இல் வெளிவந்தது. உலகம் ஆராய்ந்த உருக்கைத் தந்த மண்ணில், கத்தி தீட்டத் தெரிந்த கைகள் குறைந்து வருவதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகின்றது.

தமிழிலே 'தீட்டுதல்' என்னும் சொல்லின் பொருள்களை எண்ணிப் பாருங்கள். கத்தியைத் தீட்டுகிறோம். அரிசியைத் தீட்டுகிறோம். ஓவியத்தையும் தீட்டுகிறோம்; கட்டுரையையும் தீட்டுகிறோம். எழுதுவோர் இச்சொல்லை ஆடம்பரமாகக் கையாள்வதுண்டு. கல்லின்முன் அமர்ந்து பார்த்தவர்க்கு அதன் பாரம் தெரியும். வேண்டாதது கழியும்வரை ஒரே கோணத்தில் கையை நிறுத்திப் பொறுமையோடு இருத்தல் என்பதே எழுதுகோலுக்கும் பொருந்தும் பாடம்.

என் ஐயாவின் கத்தி இப்போது அகலம் குறைந்து, வாங்கிய நாளில் இருந்ததிற் பாதியாக நிற்கின்றது. குறைந்த பாதியில் என் அவசரம் தின்றது சிறு பங்கே. மிகுதியெல்லாம் அவர் வாசற்படியிலே அமர்ந்து தீட்டிய காலைகளிற் கரைந்தது. அடுத்த வாரம் அதனை மீண்டும் கல்லில் வைக்க வேண்டும். இம்முறை என் மகன் நீர் தெளிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.