குடும்பத்தோடு ஒரு விண்வெளிப் படக்கதை

பூமியைச் சுற்றிவரும் விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் மிதப்பது ஏன்? பட்ட வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அங்கே புவியீர்ப்பு இல்லை" என்றே பலரும் சொல்வார்கள். நிலையம் இருப்பதோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான பக்கவாட்டு வேகம் இருப்பதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுகிறார்கள். ஒன்றாக விழுவதால் எடை தெரிவதில்லை.

அந்தத் தவறான விடை எங்கிருந்து வந்தது? பாடநூலில் அப்படி இல்லை. சூத்திரங்களைக் கற்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்ட படங்கள் மனத்தில் பதிந்துவிடுகின்றன என்றுதான் நினைக்கிறேன். ஆகவே சிறுவர்களுக்கான விண்வெளிப் படக்கதை ஒன்றும் விளையாட்டுச் சங்கதி அன்று. அப்படி ஒன்றை நீங்களே, பதிப்பாளர் எவரையும் நாடாமல், வீட்டிலேயே உருவாக்கலாம். கதைமாந்தர் தேடி வெளியே போகவும் வேண்டியதில்லை.

பெல்ஜிய நாட்டு ஓவியர் ஹெர்ஜே அப்படித்தான் செய்தார். அவருடைய நாயகன் டின்டினின் தோற்றமும் துறுதுறுப்பும் அவர் தம்பி பாலிடமிருந்து வந்தவை. தம்பி இராணுவ அதிகாரி. உடன் பணியாற்றியவர்களின் கேலி பொறுக்காமல் அவர் தம் தோற்றத்தை மாற்றிக்கொண்டார் என்றும், அண்ணன் அந்தப் புதிய முகத்தையும் விடாமல் பிற்பாடு ஒரு வில்லனுக்குப் பொருத்திவிட்டார் என்றும் சொல்வார்கள். ஹெர்ஜேயின் தந்தையும் சிற்றப்பாவும் இரட்டையர். கதையில் வரும் இரட்டைத் துப்பறிவாளர்களைக் காணும்போது அவர்கள் நினைவு வராமல் போகாது. பேராசிரியர் கால்குலஸ் மட்டும் வெளியார். 1931-இல் பலூனில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயரம் சென்ற இயற்பியலாளர் ஒகுஸ்த் பிக்கார் அவருக்கு முன்மாதிரி. பிக்கார் நெட்டையானவர், அப்படியே வரைந்தால் கட்டங்களைப் பெரிதாக்க வேண்டியிருக்கும் என்பதால் குள்ளமாக்கிவிட்டார் ஹெர்ஜே!

டின்டினின் நிலவுப் பயணக் கதை 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் இரண்டு நூல்களாக வெளிவந்தது. மனிதன் நிலவில் கால் வைத்ததோ 1969-இல். இருந்தும் அக்கதையில் இயற்பியல் எவ்வளவு கவனமாகக் கையாளப்பட்டிருக்கிறது, பாருங்கள். ராக்கெட்டின் எஞ்சின் ஓயாமல் இயங்குகிறது. அதனால் உண்டாகும் முடுக்கமே உள்ளிருப்பவர்களுக்கு எடையைத் தருகிறது. துப்பறிவாளர்கள் தெரியாத்தனமாக எஞ்சினை நிறுத்தியதும் எல்லாரும் மிதக்கிறார்கள். கப்பல்தலைவர் ஹேடாக்கின் மதுவோ கோப்பையை விட்டெழுந்து உருண்டையாகிறது. எடை அற்றுப்போனால் திரவத்தைப் பரப்பு இழுவிசை கோளமாக்கும் என்ற பாடம் அதில் இருக்கிறது. ஆனால் சிறுவன் சிரிக்கத்தான் செய்கிறான். பாடம் தானாக உள்ளே போகிறது.

இப்படி முடுக்கிக்கொண்டே போனால் எவ்வளவு நேரம் ஆகும்? நிலவின் தொலைவு சுமார் 3,84,000 கிலோமீட்டர். பாதித் தொலைவு வரை நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டி, பிறகு ராக்கெட்டைத் திருப்பி அதே வீதத்தில் குறைத்தால் மூன்றரை மணி நேரம் போதும். பாதி வழியில் வேகம் நொடிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். அப்பொல்லோ வீரர்கள் எஞ்சினைச் சிறிது நேரம் மட்டும் இயக்கிவிட்டு, மீதி வழியை வெறுமனே கடந்ததால் மூன்று நாள் ஆயிற்று.

ஹெர்ஜேயும் சறுக்கிய இடம் உண்டு. கலத்தை விட்டு வெளியேறும் ஹேடாக், அடோனிஸ் என்ற சிறுகோளின் துணைக்கோளாகிச் சுற்றத் தொடங்குகிறார்! அடோனிஸ் ஒரு கிலோமீட்டர் அளவுள்ள பாறை. அதை ஒட்டிச் சுற்றிவர நொடிக்கு அரை மீட்டர் வேகம்கூட இருக்கக் கூடாது. குழந்தையின் தளர்நடை போன்றது அது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோகிறவரை அந்தப் பாறையால் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் அந்தக் காட்சியை எடுத்துவிட எனக்கு மனம் வராது.

இனி உங்கள் கதைக்கு வருவோம். அண்ணனும் தங்கையும் நிலவுக்குப் போகிறார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எந்த வீட்டில் இது நடக்கவில்லை? நிலவில் காற்று இல்லாததால் ஒலி பரவாது. வெடி வெடித்தாலும் "டமார்" என்று எழுதாதீர்கள். தலைக்கவச வானொலி பழுதாகிவிட்டது என்று வையுங்கள். அப்போது பேச ஒரே வழி, இரண்டு தலைக்கவசங்களையும் ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது. திடப்பொருள் வழியே ஒலி செல்லும். முகம் கொடுத்துப் பேசாதவர்கள் நெற்றியோடு நெற்றி வைத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்றாகிறது. இந்தக் காட்சியைக் கொடுத்தது இயற்பியல்தானே?

பாட்டி பூமியில் இருக்கட்டும். நிலவுக்கு வானொலி அலை போய்ச்சேர ஏறத்தாழ 1.3 நொடி. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் பதில் வர இரண்டரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் பாட்டி கவலைப்பட்டுவிடுவார். பிள்ளைகளைச் செவ்வாய்க்கு அனுப்பினாலோ ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். "அந்தச் சிவப்புப் பெட்டியைத் தொடாதே" என்ற எச்சரிக்கை வந்து சேரும்போது பெட்டி திறந்து நெடுநேரம் ஆகியிருக்கும். பாட்டியின் கோபமும் பேரனின் மன்னிப்பும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து செல்லும். ஒரே பக்கத்தில் மேல்வரிசையைப் பூமிக்கும் கீழ்வரிசையை விண்கலத்துக்கும் ஒதுக்கினால் இதைச் சொல்லாமலே காட்டிவிடலாம்.

நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. இங்கே கால் மீட்டர் துள்ளும் சிறுமி, கவச உடையின் பாரத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அங்கே ஒன்றரை மீட்டர் எழும்புவாள், இறங்க 2.7 நொடி ஆகும். ஆகவே ஒரு துள்ளலை மூன்று கட்டங்களுக்கு நீட்டி நடுவில் உரையாடலும் வைக்கலாம். ஆனால் எடைதான் குறைகிறது, நிறை குறைவதில்லை. ஓடுகிறவள் சட்டென நிற்க முயன்றால் சறுக்கிக்கொண்டு போவாள். பகலிலும் வானம் கருமை. நிலவின் ஒரே இடத்தில் நிற்பவருக்குப் பூமி உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஏறத்தாழ அதே இடத்தில் தேய்ந்து வளரும்.

வரையும்போது தமிழுக்கென்று ஒரு தொல்லை. நம் சொற்கள் நீளமானவை. படத்தை முடித்துவிட்டுப் பேச்சுப் பலூனை நுழைத்தால் "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரு சொல்லே நாயகியின் முகத்தை மறைத்துவிடும். முதலில் எழுத்து, பிறகு பலூன், கடைசியில் படம்.

நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். எந்தப் பக்கத்தோடு எதை வரைவது என்று குழம்ப வேண்டாம். தாளின் ஒரே முகத்தில் அமையும் இரண்டு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. வெளித்தாளில் 16-ம் 1-ம், அதன் பின்புறம் 2-ம் 15-ம். இப்படியே போய் நடுவில் 8-ம் 9-ம் வரும். கறுப்பு மையில் வரைந்தால் ஜெராக்ஸ் பிரதி தெளிவாக விழும். மடிப்பில் இரண்டு இடங்களில் துளையிட்டு நூலால் தைத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு பலூனை மட்டும் காலியாக விட்டுவையுங்கள். பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்பதைப் பாட்டியே எழுதட்டும்.